பிரிவதற்கு முன் கணக்கு: விவாகரத்தில் நகை, வீடு, கடன், ஜீவனாம்சம்

தங்கையின் விவாகரத்து வழக்குக்காக அவளோடு மூன்றரை வருடம் குடும்ப நல நீதிமன்றத்துக்கு நடந்திருக்கிறேன். முதல் நாள் வக்கீல் அறையில் உட்கார்ந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "அவர் சொத்துல பாதி எனக்கு வரும்ல மேடம்?" வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்படி ஒரு சட்டம் நம்ம ஊர்ல இல்லைம்மா. வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்கு, அதைச் சொல்லு முதல்ல" என்றார்.

அந்தப் பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். வழக்கு போடும் முன்பே யாராவது எங்களிடம் இதையெல்லாம் சொல்லியிருந்தால் ஒரு வருடமாவது மிச்சமாகியிருக்கும். இந்து திருமணச் சட்டத்தின்கீழ் பிரியும் தமிழ்நாட்டுத் தம்பதிகளை மனதில் வைத்து எழுதுவது இது. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் விவாகரத்துச் சட்டம் தனி. ஆனாலும் பத்திரம், வங்கிக் கடன், நாமினி பற்றிச் சொல்வதெல்லாம் எல்லாருக்கும் பொருந்தும்.

"பாதி" என்ற பேச்சை முதலில் விடுங்கள்

கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்த எல்லாவற்றையும் இரண்டாகப் பிரிக்கும் முறை இந்தியாவில் கோவாவில் இருக்கிறது. போர்த்துக்கீசியர் காலத்துச் சிவில் சட்டம் அங்கே இன்னும் நடப்பில் இருப்பதுதான் காரணம். மற்ற இடங்களில் சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. கணவன் சொத்தில் மனைவிக்குப் பங்கு கொடுக்கும் திருத்த மசோதா ஒன்று 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது; மக்களவையைத் தாண்டாமலே காலாவதியானது. அந்தச் செய்தியைப் பாதியில் கேட்டவர்கள்தான் இன்றும் "சட்டம் வந்துடுச்சு" என்கிறார்கள்.

கணவனின் பூர்வீகச் சொத்திலும் அப்படித்தான். திருமணம் நிலைத்திருக்கும்போது கணவன் இறந்தால் மனைவி வாரிசு. விவாகரத்துத் தீர்ப்பு வந்தபின் அவள் வாரிசு இல்லை. பிள்ளைகள் மட்டும் எப்போதும் வாரிசுகள்தான். அப்பா அம்மா பிரிந்ததால் அவர்கள் உரிமை போகாது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து வாங்கியதில் அடங்கும் என்று சொல்லி, கணவனின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவருக்குச் சம பங்கு தந்தது. இல்லத்தரசிகளுக்குப் பெரிய தெம்பு கொடுத்த தீர்ப்பு. நான் அதைக் கொண்டாடுகிறேன். ஆனால் அது விவாகரத்து வழக்கு இல்லை. அதை நம்பி மற்ற கதவுகளைத் தட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

முதல் வேலை: ஒரு நோட்டு

வக்கீல் நோட்டீஸ் போவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். நோட்டீஸ் போன மறுநாள் பீரோ சாவி கைமாறிவிடும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே நான்கு விஷயம் எழுதுங்கள்: யார் பேரில் இருக்கிறது, யார் பணத்தில் வாங்கியது, அதற்குச் சான்று என்ன, அதன்மேல் கடன் எவ்வளவு.

வீடு, மனை இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (அந்தச் சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள், கட்டணமில்லாமலே பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாமல் செட்டில்மெண்ட் (விலை வாங்காமல் உறவினர் பேருக்கு எழுதித் தருவது) எழுதியிருந்தாலும் அடமானம் வைத்திருந்தாலும் அதில் தெரிந்துவிடும். பட்டாவையும் அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். உங்கள் பேரில் உள்ள மியூச்சுவல் ஃபண்ட், பங்குகளுக்கு உங்கள் பான் எண்ணை வைத்து ஒரே அறிக்கையாக வாங்கலாம். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் மறந்தே போன, எப்போதோ ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன் அதில் தலைகாட்டும்.

அவருடைய மெயிலைத் திறப்பது, ஓடிபி வாங்கிக் கணக்குக்குள் நுழைவது வேண்டாம். தேவையும் இல்லை. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். மறைத்தால், பொய் சொன்னால் அதற்கென்று தனி நடவடிக்கை உண்டு. உங்கள் நோட்டு இங்கேதான் வேலை செய்யும். அவர் தாக்கல் செய்த தாளையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடுபட்டது எது என்று வக்கீலுக்கு உடனே பிடிபடும்.

கூட்டுக் கணக்கு இருந்தால் இன்றே ஸ்டேட்மெண்ட் எடுத்துவையுங்கள். "இருவரில் ஒருவர்" என்ற முறையில் திறந்த கணக்கில் முழுப் பணத்தையும் ஒருவரே எடுக்க முடியும். பயமிருந்தால், இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று மாற்றச் சொல்லி வங்கிக்குக் கடிதம் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நகையும் சீரும்

நம் பக்கம் பெண்ணுக்குப் போட்ட பவுன்தான் பெரும்பாலான வழக்குகளில் கனத்த விஷயம். இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்போ, கல்யாணத்திலோ, பின்போ பெண்ணுக்கு என்று கொடுத்தது எல்லாம் ஸ்ரீதனம். அம்மா வீட்டார் போட்டது, தாய்மாமன் சீர், மாமியார் போட்ட நெக்லஸ், சிநேகிதிகள் கொடுத்த மோதிரம் எல்லாம் அதில் சேரும். அது அவளுக்கே முழு உரிமை. கணவன் வீட்டார் வைத்திருந்தால் நம்பி ஒப்படைத்த பொருளை வைத்திருப்பவர்கள்தான். திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது.

2024 ஏப்ரலில் வந்த இன்னொரு தீர்ப்பு ஒவ்வொரு அம்மாவும் படிக்க வேண்டியது. கேரளத்துப் பெண். போட்டுவந்தது 89 பவுன். முதலிரவிலேயே "பத்திரமாக வைக்கிறோம்" என்று நகையை வாங்கி மாமியாரிடம் கொடுத்து, பிறகு தங்கள் கடனை அடைக்க அதைத் தீர்த்துவிட்டார்கள் என்பது அந்தப் பெண் சொன்னது. கணவன் பக்கம் மறுத்தார்கள். கொலை வழக்கைப்போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கச் சொல்லக்கூடாது, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் பார்க்கவேண்டும் என்று சொல்லி, 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம்.

அதனால் பில் இல்லையே என்று கையை விரிக்காதீர்கள். என் தங்கைக்குப் போட்டது 40 பவுன். பில் கிடைத்தது 26 பவுனுக்குத்தான். மீதிக்குக் கல்யாண ஆல்பத்தை எடுத்தோம். ஒவ்வொரு படத்திலும் நகையை வட்டம் போட்டுப் பெயர் எழுதினோம். அப்பாவின் பழைய மொய் நோட்டில் மாமா தன் கையாலேயே "செயின் 2 பவுன்" என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் அப்பா அழுதுவிட்டார். அந்த மாமா அப்போது உயிரோடு இல்லை. லாக்கரை யார், எந்தத் தேதியில் திறந்தார் என்ற பதிவு வங்கியில் இருக்கும். அடகில் இருந்தால் அடகுச் சீட்டு யார் பேரில் என்று பாருங்கள். அண்மையில் வாங்கிய நகை என்றால் அதில் ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண் பொறித்திருக்கும். பில்லில் அந்த எண் இருந்தால் இது என் வளையல்தான் என்று காட்ட அதைவிடச் சான்று வேண்டாம்.

மனுவில் "நகைகள் 40 பவுன்" என்று மொத்தமாக எழுதாதீர்கள். ஆரம் 6 பவுன், ஒட்டியாணம் 8 பவுன், ஜிமிக்கி 1 பவுன் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். "நகையாகத் தரவேண்டும், இல்லையென்றால் தரும் நாளின் விலைக்குப் பணமாகத் தரவேண்டும்" என்று கேளுங்கள். கல்யாணத்தன்றைய விலைக்கு ஒத்துக்கொண்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பித்தளைப் பாத்திரம், கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் இவற்றுக்கும் தனிப் பட்டியல் போடுங்கள்.

மாப்பிள்ளைக்கு மனமுவந்து போட்ட மோதிரமும் செயினும் அவருடையவை. கேட்டு வாங்கியது வரதட்சணை. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு அதைப் பெண்ணிடமே ஒப்படைக்கச் சொல்கிறது.

நாங்கள் செய்த பெரிய தவறும் இங்கேதான். வழக்குக்கு முன்பு சொந்தக்காரர்கள் வைத்துப் பேசிய பேச்சுவார்த்தையில் 12 பவுனைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெரியவர் ஒருவர் வெள்ளைத்தாளில் "சீர், நகை பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி நீட்ட, அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். எத்தனை பவுன் என்று அதில் இல்லை. அந்த ஒரு வரியை உடைக்க எட்டு மாதம் ஆனது. மகளிர் காவல் நிலையமோ, மாமா வீட்டுத் திண்ணையோ, எங்கே கைமாறினாலும் எடை போட்டு, பொருள்வாரியாக எழுதி, "மீதம் இன்னின்ன வரவேண்டியுள்ளது" என்ற வரியையும் சேர்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

வீடும் வீட்டுக் கடனும்

இருவர் பேரிலும் பத்திரம் இருந்தால் மூன்று வழி: விற்றுப் பிரிப்பது, ஒருவர் மற்றவர் பங்கை எடுத்துக்கொள்வது, பிள்ளைகள் பேருக்கு எழுதுவது. ஒருவர் பேரில் மட்டும் பத்திரம் இருந்து மற்றவர் தவணை கட்டியிருந்தால், கட்டிய கணக்கைக் காட்டி உரிமை கோரலாம். கணவன் மனைவிக்கு இடையிலான சொத்து வழக்கைக் குடும்ப நல நீதிமன்றமே விசாரிக்கும். மனைவி பேரில் கணவன் தன் கணக்கில் காட்டிய பணத்தில் வாங்கிய சொத்து பினாமி ஆகாது. அதனால் ஆணும் தன் பணம் என்று வழக்குப் போடலாம். யார் கோரினாலும் நிரூபிக்கும் பாரம் கோருபவர் தலையில். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு வாய் கிடையாது. பத்து வருடத்து வங்கி ஸ்டேட்மெண்டைக் கேட்டு வாங்குங்கள். பழையதைத் தேடி எடுக்க வங்கிக்கு நாளாகும்.

கடன் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். "இனி வீட்டுக் கடனை அவரே கட்டுவார்" என்று நீதிமன்றத்தில் எழுதி வாங்கிவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பார்கள். அந்த ஒப்பந்தம் உங்கள் இருவருக்குள் மட்டும். வங்கி அதில் கையெழுத்துப் போடவில்லை. அவர் நான்கு தவணை விட்டால் வங்கி உங்களுக்கும் போன் செய்யும், உங்கள் சிபில் மதிப்பெண்ணும் விழும். எனவே தீர்ப்புக்கு முன்பே கடனை ஒருவர் பேருக்கு மாற்ற வங்கி ஒத்துக்கொள்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஒருவர் சம்பளத்துக்கு அந்தக் கடன் தகுதிப்படாது என்றால் வங்கி மறுக்கும். அப்போது வேறு வங்கியில் தனிப்பேரில் கடன் எடுத்துப் பழையதை முடிக்கலாம். முடியாவிட்டால் விற்பதுதான் நேர்மையான வழி. பாசத்தில் வீட்டைப் பிடித்துக்கொண்டு தவணைக்குத் திண்டாடும் அம்மாக்களைப் பார்க்க எனக்கு மனசு வலிக்கிறது.

பங்கை மாற்றி எழுதும் நாளில் ஒரு பெரிய பணம் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்கு இடையே செட்டில்மெண்ட் அல்லது விடுதலைப் பத்திரம் (தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பது) எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் வந்த கணக்கு இது. விற்பனைப் பத்திரம் என்றால் இரண்டும் சேர்ந்து 9 சதவீதம். 30 லட்சம் மதிப்புள்ள பங்குக்கு முதல் வழியில் தீர்வை 30,000, கட்டணம் 10,000, ஆக 40,000; இரண்டாவதில் 2,70,000. விவாகரத்து ஆன பிறகு நீங்கள் "குடும்பம்" இல்லை. ஆகவே திருமணம் சட்டப்படி நிலைத்திருக்கும்போதே பத்திரத்தை முடிப்பது நல்லது. பதிவுக்குப் போகும் முன் அன்றைய கட்டணத்தைச் சார் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு அடமானத்தில் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். பத்திரம் முடிந்ததும் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு மூன்றையும் பேர் மாற்றுங்கள்.

வழக்கு முடியும்வரை எங்கே இருப்பது என்பது தனிக் கேள்வி. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் மனைவிக்குக் குடியிருக்கும் உரிமை உண்டு. மாமனார் பேரில் உள்ள வீடாக இருந்தாலும் அது சேர்ந்து வாழ்ந்த வீடு ஆகலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது குடியிருக்கும் உரிமைதான், சொத்தில் பங்கு ஆகாது. வீட்டை அவசரமாக விற்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இதே சட்டத்தின்கீழ் தடை உத்தரவு கேட்கலாம்.

ஜீவனாம்சம்: மாதா மாதமா, மொத்தமாகவா?

வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 60 நாளில் கூடியவரை முடிக்கவேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு. நடைமுறையில் இழுக்கும். ஆனாலும் உத்தரவு வரும்போது மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிடவேண்டும் என்று முன்பு சொன்ன 2020 நவம்பர் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆக, கேட்பதைத் தள்ளிப்போட்டால் அத்தனை மாதமும் நஷ்டம். கணவனும் கேட்கலாம், சட்டம் இருபாலருக்கும் பொது.

எவ்வளவு கிடைக்கும்? நிர்ணயமான கணக்கு கிடையாது. 2017-இல் ஒரு வழக்கில் கையில் வரும் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லாரும் அளவுகோலாகப் பிடித்துக்கொண்டார்கள். இருவரின் வருமானம், பிள்ளைகள் செலவு, வாழ்ந்த தரம், வேலையை விட்டது யாருக்காக, யார் தலையில் என்ன கடன் என்றுதான் நீதிபதி பார்க்கிறார். நீங்கள் பள்ளிக் கட்டணம், வாடகை, மருந்து, மளிகை ரசீதுகளை ஆறு மாதத்துக்குச் சேர்த்து வையுங்கள். "மாதம் 40,000 வேண்டும்" என்பதைவிட "செலவு இது, ரசீது இது" என்பது எடுபடும்.

மொத்தத் தொகையா, மாதத் தொகையா என்பதில் என் கருத்து தெளிவு: எதிர்த்தரப்பு தனியார் வேலை, சொந்தத் தொழில், வெளிநாடு என்றால் மொத்தமாக வாங்குங்கள். அரசு வேலை, நிலையான சம்பளம் என்றால் மாதத்தொகையும் பலன் தரும்; கட்டாவிட்டால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு மீதியை ஜப்தி செய்யச் சட்டம் இடம் தருகிறது. மாதத்தொகை வாங்குபவருக்கு அது வருமானம், வரி உண்டு. மொத்தமாக வாங்கும் ஜீவனாம்சம் வருமானம் ஆகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1980-களிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. மறுமணம் செய்துகொண்டால் மாதத்தொகை நிறுத்தப்படலாம். மாதத்தொகைக்கு ஒத்துக்கொண்டால் ஆண்டுதோறும் இவ்வளவு சதவீதம் உயரவேண்டும் என்ற வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் பங்கைத் தனியாக எழுதுங்கள். "எதிர்காலத்தில் எதுவும் கேட்கமாட்டேன்" என்று அம்மா தன் உரிமையை விட்டுத் தரலாம், பிள்ளையின் உரிமையை விட்டுத்தர அவளால் முடியாது.

மியூச்சுவல் (பரஸ்பர சம்மத) விவாகரத்தில் கையெழுத்துப் போடும்போது

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்கும் இரண்டாவது வாக்குமூலத்துக்கும் இடையே 6 மாதம். எல்லாம் பேசி முடித்தவர்களுக்கு அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டாவது வாக்குமூலம் கொடுக்கும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இந்த இடைவெளியில்தான் ஆபத்து. எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்துவிட்டால் கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். எதையும் வாங்காமல் வாக்குமூலம் கொடுத்தால் வாங்கவேண்டியவர் மாட்டிக்கொள்வார்.

வக்கீல்கள் வழக்கமாகச் செய்வது பணத்தைப் பிரிப்பது. முதல் மனுவன்று ஒரு பகுதி. நகைப் பட்டியல் ஒப்படைப்பு நடுவில். மீதத் தொகைக்கு டிடி (வங்கி வரைவோலை) எடுத்து இரண்டாவது வாக்குமூலத்தன்று நீதிபதி முன்னால் கைமாற்றுவது. காசோலை வேண்டாம், டிடிதான். வீட்டுப் பத்திரத்தை அந்த வாக்குமூலத்துக்கு முந்தின நாளோ அதே வாரமோ பதிவு செய்ய நாள் குறியுங்கள். சொத்து விவரத்தை மனுவின் அட்டவணையிலேயே சர்வே எண், நான்கு எல்லை, பரப்பளவோடு சேர்க்கச் சொல்லுங்கள். "ஆவடியில் உள்ள வீடு" என்று மொட்டையாக எழுதினால் நாளை பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள். ஒருவர் மேல் ஒருவர் போட்ட மற்ற வழக்குகள் எல்லாவற்றையும் எண்ணோடு குறித்து, எதை யார் எப்போது வாபஸ் வாங்குவது என்பதையும் எழுதுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100. அழைத்துக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

தீர்ப்பு வந்த வாரம்

தீர்ப்பின் சான்றிட்ட நகல் நான்கைந்து வாங்குங்கள். வங்கி, பி.எஃப்., பாஸ்போர்ட் என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். பிறகு நாமினி. வங்கிக் கணக்கு, பி.எஃப்., ஆயுள் காப்பீடு, அலுவலகக் குழுக் காப்பீடு ஒவ்வொன்றிலும் பழைய பெயர் தானாக அழியாது. நீங்கள்தான் படிவம் கொடுக்கவேண்டும். திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் 1874-இன்கீழ் மனைவி பேரைக் குறிப்பிட்டு எடுத்த பாலிசி மட்டும் வேறு மாதிரி. அது மனைவிக்கும் பிள்ளைகளுக்குமான அறக்கட்டளை போன்றது, கணவன் நினைத்த மாத்திரத்தில் மாற்ற முடியாது. அப்படிப் பாலிசி இருந்தால் ஒப்பந்தத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். கூட்டு லாக்கரை இருவரும் ஒரே நாளில் போய் மூடுங்கள். உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எப்போதாவது எழுதிக் கொடுத்திருந்தால் ரத்துப் பத்திரம் பதிவு செய்யுங்கள். பழைய உயில் இருந்தால் புதியது எழுதுங்கள்.

என் தங்கை கடைசியாக மாற்றியது சமையல் எரிவாயு இணைப்பின் பெயரை. அந்தப் புத்தகத்தை அவள் அந்த நாற்பது பக்க நோட்டுக்குள்தான் வைத்திருக்கிறாள்.